லாஜிக் வராத பையன் இல்லை இவன்

அம்மா, பிளஸ் டூ முடித்த பையனை எதில் சேர்ப்பது என்று கேட்க வந்து, நேற்று நீங்களும் அவனும் கிளம்பிப் போனபிறகுதான், சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று தோன்றியது. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று நீங்களே சொன்னதால் பொதுவில் எழுதுகிறேன். இதே கவலையோடு இந்த மாதம் தூங்காமல் இருக்கும் வீடுகள் பல.

வந்ததும் மார்க் ஷீட்டை எடுத்து வைத்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் வரியில் விரலை ஊன்றினீர்கள். 52. "டியூஷன் சார் சொல்லிட்டாரு, இவனுக்கு லாஜிக்கே வராதாம். இஃப் கண்டிஷன்லயே தடுமாறுறானாம். என் தம்பி பெங்களூர்ல இருக்கான், ஏ.ஐ. கோர்ஸ்லதான் சேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். மேனேஜ்மென்ட் சீட்டு பேசியாச்சு, திங்கக்கிழமை அட்வான்ஸ். இவன் சமாளிச்சிருவானா சார்?" என்று கேட்டீர்கள். பையன் அவ்வளவு நேரமும் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சமாளித்துவிடுவான் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பீர்கள். நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அந்தச் சீட்டை வாங்காதீர்கள். அதே நேரம், இவனுக்கு லாஜிக் வராது என்பதும் சுத்தத் தவறு. அதை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தை பையனை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

டியூஷன் டெஸ்ட் பேப்பரைக் காட்டினீர்கள் அல்லவா, அதில் ஒரு கேள்வி: பழனி, திண்டுக்கல் ஊர்க்காரர்களுக்கு மட்டும் பாஸ் கொடுக்க புரோகிராம் எழுது. இவன் எழுதியது:

இஃப் ஊர் == "பழனி" ஆர் "திண்டுக்கல்"

'இஃப்' என்றால் 'இப்படி இருந்தால்', '==' என்றால் 'சமமா', 'ஆர்' என்றால் 'அல்லது'. இதை ஓட்டினால் மதுரைக்காரருக்கும் பாஸ் கிடைக்கும், மதராஸ்காரருக்கும் கிடைக்கும். சிவப்பு மையில் 'லாஜிக் தவறு' என்று எழுதியிருந்தது. இவன் யோசித்ததில் தவறில்லை, பேச்சுப் பழக்கம்தான் காலை வாரியது. 'ஊர் பழனியோ திண்டுக்கல்லோ என்றால்' என்று நாம் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். இவர்கள் புரோகிராம் எழுதும் மொழியான பைத்தானுக்குப் புரியாது. அது 'ஊர் பழனியா?' என்பதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளும். 'ஆர்' போட்டதற்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கும் "திண்டுக்கல்" என்ற சொல்லை இன்னொரு கேள்வியாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள்குறிக்குள் ஒரு எழுத்தாவது இருக்கும் எந்தச் சொல்லையும் பைத்தான் 'உண்மை' என்றே கணக்கு வைக்கும். ஒரு பக்கம் எப்போதும் உண்மை என்றால் மொத்தமும் உண்மைதானே. இரண்டு பக்கமும் 'ஊர் ==' என்று போட்டு முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

தமிழில் யோசிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சறுக்கலும் உண்டு. 'ஓ' வந்தால் ஆர், 'உம்' வந்தால் ஆண்ட் (இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும்) என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 'பழனிக்காரருக்கும் திண்டுக்கல்காரருக்கும் பாஸ் கொடு' என்ற வாக்கியத்தில் 'உம்' இருக்கிறதே என்று ஆண்ட் போட்டால், ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலும் குடியிருக்கும் ஆளைத்தான் தேட வேண்டும். ஒருவருக்கும் பாஸ் கிடைக்காது. எந்த வகுப்பிலும் இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, கருகிய மோட்டாருக்கு மறுபடி காயில் கட்டும் அப்பாவின் ரீவைண்டிங் கடையைப் பற்றிக் கேட்டேன். லீவு நாளெல்லாம் கடையில்தான் இருப்பான் என்று நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். அப்போதுதான் அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைத்தாளைக் கொடுத்து, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு கண்ட்ரோல் வயரிங் போடச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நிறுத்தும் சிவப்பு பட்டன், மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் பிரியும் ஓவர்லோட் ரிலே பாயின்ட், கிளப்பும் பச்சை பட்டன், கான்டாக்டர் என்ற காந்த ஸ்விட்சை இழுக்கும் காயில் எல்லாம் ஒரே வரிசையில். பச்சைக்கு இணையாக கான்டாக்டரின் என்.ஓ. பாயின்ட், அதாவது சும்மா இருக்கும்போது பிரிந்திருப்பது. பச்சை பட்டனை விட்டபிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது என்று கேட்டேன். "கான்டாக்டர் இழுத்ததும் இந்தப் பாயின்ட் சேந்துக்கும் சார். அது வழியா காயிலுக்கு கரண்ட் போயிட்டே இருக்கும், ஹோல்டிங்" என்றான்.

அந்தப் படத்துக்குக் கீழே நான் எழுதினேன்:

ஓடு = (ஸ்டார்ட் ஆர் ஓடு) ஆண்ட் நாட் ஸ்டாப் ஆண்ட் நாட் ஓவர்லோட்

வரிசையாக மாட்டினால் ஆண்ட். இணையாக மாட்டினால் ஆர். அமுக்கினால் பிரியும் என்.சி. பாயின்ட் என்றால் நாட், அதாவது 'இல்லை'. அவன் கை பல வருடமாகச் செய்துகொண்டிருந்ததுதான் அந்த ஒரு வரி. பிறகு அடைப்புக்குறியை மட்டும் அடித்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டேன். பைத்தான் முதலில் நாட், அடுத்து ஆண்ட், கடைசியாகத்தான் ஆர் பார்க்கும் என்பதை மட்டும் சொன்னேன். படத்தைத் திருத்தி வரைந்தான். பச்சை பட்டனின் வயர் சிவப்பையும் ஓவர்லோடையும் தாண்டி நேராகக் காயிலுக்குப் போயிருந்தது. "சார், பச்சையை அமுக்கிப் பிடிச்சா சிவப்பு கேக்காது. ஓவர்லோடு டிரிப் ஆனாலும் நிக்காது. வைண்டிங் கருகிடும்." அவன் சொன்னபோது நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு ஜோடி அடைப்புக்குறி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, கருகிய காயிலைக் கையால் உருவிப் பார்த்தவன் சொல்லும் பதில் அது.

அடுத்து ஒன்று கேட்டேன். தொட்டி நிறைந்தாலோ கிணறு வற்றினாலோ மோட்டார் ஓடக்கூடாது, இதை எழுது. 'நாட் நிறைந்தது ஆர் நாட் வற்றியது' என்று எழுதினான். தவறு. தொட்டி நிறையாதவரை, வறண்ட கிணற்றிலும் மோட்டார் ஓடும். நான் தவறு என்று சொல்லவில்லை, வரைந்து காட்டு என்றேன். இரண்டு என்.சி. பாயின்டையும் வரிசையாகப் போட்டான், சரியாக. படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஆர்' என்பதை அவனாகவே அடித்து 'ஆண்ட்' ஆக்கினான். இந்த மாற்றத்துக்கு டி மார்கன் விதி என்று பெயர். அந்தக் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது மதுரையில், கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்விட்சும் ரிலேவும் இந்த உண்மை-பொய்க் கணிதப்படிதான் நடக்கின்றன என்பதை 1937இல் தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதிக்காட்டியவர் அமெரிக்கர் கிளாட் ஷானன். ஸ்டார்ட்டர் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே வேரில் முளைத்தவை, அம்மா. உங்கள் பையன் அந்த வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது பணம். நீங்கள் சொன்ன கணக்கின்படி வருடத்துக்கு ஒன்றரை லட்சம், நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம், ஹாஸ்டல் தனி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும், நான்கு வருட வட்டியும் அசலில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ரீவைண்டிங் கடையின் வருமானத்தில், பையனுக்கே விருப்பமில்லாத படிப்புக்காக, குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் பதில் இதுதான். கோர்ஸ் பெயரில் ஏ.ஐ. இருப்பதால் வேலை வந்துவிடாது. அந்தக் கல்லூரியில் பாடம் எடுப்பவர் யார், லேப்பில் என்ன இருக்கிறது என்று உங்கள் தம்பியிடம் கேட்டீர்களா? அவருக்கே தெரியாது என்றுதான் சொன்னீர்கள்.

பி.இ. கவுன்சலிங், பி.சி.ஏ., பி.எஸ்சி. பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும், நான் அவற்றுக்குள் போகவில்லை. (அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை முதலில் பாருங்கள், உங்கள் கணக்கே வேறு.) நான் சொல்வது ஒருவரும் உங்களிடம் சொல்லாத வழி: தொழிற்சாலை ஆட்டோமேஷன், பி.எல்.சி. புரோகிராமிங், அதாவது மிஷின்களை ஓட்டி நிறுத்தும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது.

1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் சுவர் அளவு ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டும். அதற்கு விடையாக டிக் மோர்லியும் கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. கருவியைச் செய்தார்கள். வயரை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் புரோகிராமை எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பதற்காக, அவர் பழகிய வயரிங் படத்தைப் போலவே வைத்தார்கள். லேடர் டயகிராம் என்பது அதுதான், ஏணி மாதிரி படிப்படியாக. உங்கள் பையன் நேற்று வரைந்ததைப் படுக்கவைத்தால் அது லேடரின் ஒரு படி. இன்றைக்கு பால் பண்ணையில் பாலைக் காய்ச்சிக் குளிரவைப்பது, திருப்பூர் சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கோவை ஸ்பின்னிங் மில், ஓரகடத்துக் கார் தொழிற்சாலையின் கன்வேயர் எல்லாம் பி.எல்.சி. கட்டளையில் ஓடுகின்றன.

போகும் வழி இது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ இரண்டே வருடம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதற்குத் தனியாக ஆன்லைன் விண்ணப்பம் வாங்கும், தேதியைத் தவறவிடாதீர்கள். ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) பிரிவை முதலில் கேளுங்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கண்ட்ரோல் கிடைத்தாலும் தயங்காமல் எடுங்கள். அரசு பாலிடெக்னிக்கில் நான்கு பருவத்துக்கும் சேர்த்து நீங்கள் கட்டும் கட்டணம், அந்த அட்வான்ஸுக்குப் பக்கத்தில்கூட வராது. முடித்ததும், தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் வழியாக ஒரு வருடம் அப்ரென்டிஸ், உதவித்தொகையோடு. அதன்பிறகும் பி.இ. படிக்கத் தோன்றினால் லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். பட்டத்தின் கதவு மூடவில்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். அப்ரென்டிஸ் வருடத்தை விட்டுவிட்டால், நேர்வழியைவிடக் கூடுதலாக ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

டிப்ளமோவும் கனமாகத் தெரிந்தால் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பல அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து அரசு தரம் உயர்த்தியிருக்கிறது. அவற்றில் உற்பத்திக் கட்டுப்பாடும் ஆட்டோமேஷனும் ஒரு வருடப் படிப்பாகவே இருக்கின்றன.

இந்த வேலையின் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு நகர மாட்டேன். ஆரம்பச் சம்பளம் உங்கள் தம்பி சொல்லும் ஐ.டி. சம்பளத்துக்கு ஈடாகாது. ஷிப்ட் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றால் போன் வரும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டும். பொறுப்பும் பெரிது. ஸ்டாப் பட்டனை ஏன் என்.சி.யாகவே மாட்டுகிறோம்? வயர் அறுந்தாலும் மிஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. அப்படி மாட்டினால், யாரும் தொடாதபோது பி.எல்.சி.க்கு அந்த முனையில் 'உண்மை' வந்துகொண்டிருக்கும். ஆகவே புரோகிராமில் அங்கே நாட் போடக்கூடாது. புதிதாக வருபவர் பேனலில் என்.சி.யைப் பார்த்ததும் லேடரிலும் என்.சி. வரைந்துவிட்டு, மிஷின் ஏன் கிளம்பவில்லை என்று விழிப்பார். இதை நேற்று பையனிடம் சொன்னேன், உடனே தலையாட்டினான். பைத்தான் வகுப்பில் ஒரு வருடமாக இவன் தலையாட்டிய மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. 'முப்பது நாளில் பி.எல்.சி. எக்ஸ்பர்ட், வேலை உறுதி' என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் இப்போது ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். டிப்ளமோ கையில் இல்லாமல் அந்தச் சான்றிதழை நம்பி யாரும் பேனலைத் திறக்க விடமாட்டார்கள். பழகத்தான் ஆசை என்றால் பி.எல்.சி. புரோகிராம் எழுதும் கோடெசிஸ் மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வீட்டு லேப்டாப்பில் சிமுலேஷனில் அந்த மோட்டாரை ஓட்டி நிறுத்தட்டும், தொட்டியும் கிணறும் சேர்த்து.

திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டப் போகாதீர்கள். ஃபோனில் சொன்னால் போதும், நேரில் போனால் பேசியே கட்டவைத்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை கடையை ஒரு வேளை பூட்டிவிட்டு அப்பாவும் வரட்டும். முடிந்தால் உங்கள் தம்பியையும் போனில் பிடித்துக் கொடுங்கள், நானே பேசுகிறேன். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் வேண்டும். பையன் அந்தத் தாளையும் எடுத்து வரட்டும், ஓவர்லோடுக்கு அடுத்து, மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரை எங்கே சேர்ப்பது என்று யோசித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.