தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க ராஸ்பெர்ரி பை போதுமா?

கேள்வி: பழைய ராஸ்பெர்ரி பை 3 (கையடக்கச் சின்னக் கணினி) ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. மாடித் தொட்டி நிரம்பியதும் போர் மோட்டார் தானாக நிற்கும்படி செய்ய ஆசை. ஒலியலையால் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரும், பை சொன்னபடி ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்சான 10 ஆம்பியர் ரிலேயும் வாங்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். மோட்டார் 1 எச்.பி. எங்கள் பக்கம் கரன்ட் அடிக்கடி போகும். சரிவருமா?

பதில்: சரிவரும். ஆனால் அந்த ரிலேயை மோட்டார் லைனில் நேராக மாட்டிவிடாதீர்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஓடும்போது 5 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். 10 ஆம்பியர் ரிலே தாங்காதா என்று தோன்றும். கிளம்புகிற நொடியில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுப்பதில்தான் சிக்கல். தினமும் அந்த அடி வாங்கும் ரிலேயின் தொடுமுனைகள் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பை எத்தனை தடவை 'நிறுத்து' என்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் மோட்டார் பேனலில் பச்சை, சிவப்புப் பட்டன்கள் இருந்தால் உள்ளே கான்டாக்டர் (பெரிய கரன்ட்டைத் தாங்கும் ரிலே) இருக்க வாய்ப்பு அதிகம். மோட்டாரின் சுமையை அது பார்த்துக்கொள்ளும். சிவப்புப் பட்டன் செய்கிற வேலையை மட்டும் ரிலே செய்தால் போதும். அந்த வழியில் ஓடுவது மிகச் சிறிய கரன்ட்தான். கெபாசிட்டரும் சுவிட்சும் மட்டும் உள்ள பேனல் என்றால் ஒரு கான்டாக்டர் போட வேண்டியிருக்கும். 230 வோல்ட் வேலை எல்லாமே எலெக்ட்ரீஷியனுடையது. எர்த்தும், மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக இருக்கிறதா என்று அப்படியே பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் அதிகாரத்தைப் பைக்குக் கொடுக்காதீர்கள் என்பேன். கரன்ட் வந்து பை எழுந்திருக்கும் நேரத்தில், உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பு, அதன் பின்கள் (வயர் மாட்டும் ஊசிகள்) என்ன நிலையில் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சில பின்கள் மேல் நிலையிலும் (3.3 வோல்ட்) மற்றவை கீழ் நிலையிலும் (0 வோல்ட்) விழிக்கும். ரிலே போர்டுகள் பலவும் கீழ் நிலையில்தான் ஆன் ஆகும். ஆளில்லாத வீட்டில் ரிலே 'டக்' என்று தானாக விழுந்தாலும் மோட்டார் நிற்கத்தான் வேண்டும், ஓடத் தொடங்கக் கூடாது.

அதோடு, தொட்டியில் தண்ணீர் ஏறும்போது மிதந்து எழும்பி மோட்டாரை நிறுத்தும் ஒரு சாதாரண ஃப்ளோட் சுவிட்சும் இருக்கட்டும். பை உறைந்து போனாலும், வைஃபை விட்டுப் போனாலும் நிறுத்துவது அதுதான். தண்ணீர் வழியாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றே போதும், பையே வேண்டாம்.

இனி சென்சார். கடையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு கண் வைத்த எச்.சி.-எஸ்.ஆர்.04. தொட்டி மூடிக்கு அடியில் நீராவி படிந்து சீக்கிரம் கெட்டுவிடும். வயரோடு ஒற்றைக் கண் தொங்கும் ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி நனைந்தாலும் தாங்கும். ஆனால் 20-25 செ.மீ.க்குள் இருப்பது அதற்குத் தெரியாது. தொட்டி நிரம்ப நிரம்பக் கன்னாபின்னா என்று எண் காட்டும். நிறைந்த நீர்மட்டத்துக்கு மேல் அந்த அளவு இடைவெளி விட்டு, தண்ணீர் விழும் குழாயிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுத்தால் அலையால் வரும் தவறு போய்விடும். சென்சாரை 5 வோல்ட்டில் ஓட்டினால் அளந்ததைத் திருப்பிச் சொல்லும் எக்கோ பின்னிலும் 5 வோல்ட் வரும். பையின் பின் தாங்குவது 3.3 வோல்ட்தான். நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டு, 2 கிலோ ஓம் மீது வரும் வோல்டேஜை எடுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

பையை மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி.32 என்ற, வைஃபை உள்ள சின்ன போர்டு ஒன்றை மேலே வைத்து, அது அளந்ததை வைஃபை வழியாகக் கீழே உள்ள பைக்கு அனுப்பச் செய்யலாம். அதற்கும் 3.3 வோல்ட்தான், ஆகவே அதே ரெசிஸ்டர்கள். கான்கிரீட் கூரையைத் தாண்டி சிக்னல் வருகிறதா என்று முதலில் தொட்டி பக்கத்தில் செல்போனை வைத்துப் பாருங்கள்.

கரன்ட் போவதால் அடிபடுவது எஸ்டி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்புகள் சிதையும், பை எழுந்திருக்காது. ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். அமைப்புகளில் ஓவர்லே என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. நீர்மட்டக் கணக்கை மட்டும் ஒரு பென் டிரைவில் எழுதச் செய்யுங்கள். பழைய செல்போன் சார்ஜரும் வேண்டாம். பை 3க்கு 2.5 ஆம்பியர் அடாப்டர் தேவை. திரையின் மூலையில் மின்னல் சின்னம் வந்தால் அடாப்டரோ கேபிளோ போதவில்லை.

ரிலேயை இணைக்கும் முன் சில வாரங்கள் நீர்மட்டத்தை மட்டும் பதிவு செய்து, கோடாக வரைந்து பாருங்கள். பைக்கு ஏற்ற வேலை இதுதான். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் கோடு மெல்ல இறங்கினால் ஃப்ளஷ் டேங்கிலோ ஏதோ ஒரு குழாயிலோ கசிவு இருக்கிறது. மோட்டார் போட்ட பிறகும் கோடு ஏறவில்லை என்றால் போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். உடனே நிறுத்தாவிட்டால் பம்பு சூடேறிக் கெடும். போனுக்குச் செய்தி வரும்படி வைக்க வேண்டியது இதற்குத்தான்.

ரிலேயை இணைத்த பிறகு தொட்டி கழுவும்போதெல்லாம் மோட்டாரை ஓடவிட்டு, கீழே பேனல் பக்கம் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். மேலே நீங்கள் ஒரு குச்சியால் ஃப்ளோட்டைத் தூக்கும்போது மோட்டார் நிற்க வேண்டும்.