கருத்துப்படம் வரைய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அரசியல் கருத்துப்படம் வரைவதையே தொழிலாகக் கொள்ள உங்கள் மகள் விரும்புகிறாள் என்றும், அதிலும் இனப்பாகுபாடு, குடியேறியோர், தேசிய அடையாளம் ஆகியவற்றிலேயே அவள் மனம் செல்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானதே. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2019இல் தன் பன்னாட்டுப் பதிப்பில் அரசியல் கார்ட்டூன்களை நிறுத்தியது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் மெக்ளாட்சி செய்தித்தாள் நிறுவனம், இதழியலுக்கான உயரிய பரிசான புலிட்சர் பெற்ற மூன்று கார்ட்டூனிஸ்டுகளை ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. ஆகவே மாதச் சம்பள வேலையை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். அதற்காக அவளைத் தடுத்துவிடவும் வேண்டாம்.

வரலாற்றையோ அரசியல் அறிவியலையோ பட்டப்படிப்பாக எடுத்து, ஓவியப் பயிற்சியை அதனுடன் தொடர்வதே நல்லது என்பது என் கருத்து. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட், 1869 நவம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் ஒரு விருந்துக் காட்சியை வரைந்தார். அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் வான்கோழியை அறுத்துக்கொண்டிருக்க, கறுப்பினத்தவர், சீனர், பழங்குடியினர் உட்படப் பலரும் ஒரே மேசையைச் சுற்றிச் சரிசமமாக அமர்ந்திருக்கிறார்கள். அதே நாஸ்ட் 1876இல், தராசின் ஒரு தட்டில் கறுப்பினத்தவர் ஒருவரையும் மறுதட்டில் ஐரிஷ்காரர் ஒருவரையும் கோரமான முகங்களோடு உட்காரவைத்து, இருவரையும் அறியாமையில் வாக்களிப்பவர்கள் என்று இகழ்ந்தார். இரண்டிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. முதல் படத்தில் மனிதர்களாக இருந்தவர்கள் இரண்டாவதில் வெறும் இன அடையாளமாகச் சுருங்கிவிட்டார்கள். இந்த வேறுபாட்டை உணரும் பக்குவத்தை ஓவிய வகுப்பு மட்டும் தந்துவிடாது.

ஒவ்வொரு படத்தையும் முடித்தபின், தான் கேலி செய்வது யாரை என்பதை ஒரே வரியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த வரியில் ஓர் அமைச்சரோ ஒரு சட்டமோ இருந்தால் சரி. ஓர் இனத்தின் மூக்கும் உதடும் நிறமும்தான் நகைப்புக்கு இடமாகியிருக்கின்றன என்றால், அவள் அதை மீண்டும் வரையத்தான் வேண்டும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது இன்னும் நல்லது.

புலிட்சர் பரிசின் கார்ட்டூன் பிரிவு 2022இல் சித்திரச் செய்தியையும் (படங்களால் செய்தி சொல்வது) விமரிசனத்தையும் சேர்த்த பிரிவாக மாற்றப்பட்டது. எனவே களத்துக்குச் சென்று நேர்காணல் எடுக்கவும் அவள் பழகட்டும். பாடநூல், அருங்காட்சியகம், செய்தி வரைகலை எனப் பிற வாய்ப்புகளும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்முன், அவதூறுச் சட்டமும் ஊடக நெறியும் பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று இருவருமாகப் பார்த்துவிடுங்கள்.