சிலை ஒருவனுக்கு, ஓட்டம் இன்னொருவனுக்கு: நாய்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய வீர நாய் பால்டோதானே ஐயா? நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலையே இருக்கிறதே!

ப: சிலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் என் ஓட்டு டோகோ என்ற நாய்க்கு. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பலிகொள்ளத் தொடங்கியது. கடல் உறைந்து கிடந்ததால் கப்பல் வர வழியில்லை. நெனானா வரை ரயிலில் வந்த மருந்தை அங்கிருந்து 20 பனிவண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் பனியில் இழுத்து, ஐந்தரை நாளில் சேர்த்தார்கள்.

பலருக்கு வாய்த்த பங்கு ஐம்பது கிலோமீட்டர் போல. வண்டியோட்டிகளில் ஒருவரான லியோன்ஹார்ட் செப்பலாவோ மருந்தை எதிர்கொண்டு வாங்கவே நோமிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் வந்தார். வாங்கிக்கொண்டு திரும்பி இன்னும் 146 கிலோமீட்டர் ஓட்டினார். நார்ட்டன் வளைகுடாவில், எப்போது உடையும் என்று தெரியாத பனிக்கட்டியின் மேல் அவருடைய அணிக்கு முன்னால் ஓடியது டோகோ. அப்போது அதற்கு வயது 12. நாய்க்கு அது கிழப்பருவம்!

கே: அப்படியானால் பால்டோ ஊரை ஏமாற்றியதா?

ப: பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். கடைசி 85 கிலோமீட்டரை, கண் தெரியாத பனிப்புயலில், குன்னார் காசனின் வண்டியை இழுத்தது அதுதான். ஊருக்குள் நுழைந்த நாயைப் பத்திரிகைகள் தூக்கி வைத்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், பால்டோவும் செப்பலாவின் கொட்டிலில் வளர்ந்ததுதான். சுமை இழுக்கத்தான் லாயக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார்.

கே: பிறகு பால்டோ என்ன ஆயிற்று?

ப: சிலை வைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் காசு வாங்கிக் காட்டும் ஒரு காட்சிக்கூடத்தில் வாடிக் கிடந்தது. அதைக் கண்ட ஜார்ஜ் கிம்பிள் என்ற வியாபாரி கிளீவ்லாந்தில் நிதி திரட்டினார். பள்ளிப் பிள்ளைகள் சில்லறை போட்டார்கள். 1927-இல் மீட்கப்பட்டு அந்த ஊர் மிருகக்காட்சிசாலையில் வாழ்ந்து, 1933-இல் இறந்தது. பாடம் செய்த உடல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கே: போர்ப் பதக்கம் பெற்ற நாய் உண்டா?

ப: உண்டு, பறிகொடுத்ததும் உண்டு. 1943-இல் சிசிலியில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைக்குள் பாய்ந்த அமெரிக்கப் படை நாய் சிப்ஸுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். நாய்க்கு ஏன் பதக்கம் என்று எதிர்ப்பு எழவே, பிடுங்கிக்கொண்டார்கள். 2018-இல், போரில் வீரம் காட்டிய விலங்குகளுக்குத் தரும் பிரிட்டனின் டிக்கின் பதக்கம் வந்தது. சிப்ஸ் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கே: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் நாய் தேர்தலுக்கே உதவியதாமே?

ப: ஃபாலா. அதைத் தீவில் மறந்துவிட்டு, மீட்கப் போர்க்கப்பல் அனுப்பினார் என்று எதிர்த்தரப்பு கதை கட்டியது. 1944 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் மேடையேறி, என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன், ஆனால் ஃபாலாவுக்குக் கோபம் வருகிறது என்ற பொருளில் பேசினார். அரங்கமே சிரித்தது. நவம்பரில் நான்காம் முறையாக வென்றார்.