தேய்மானம் என்றார்கள்; நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. கடந்த 15 ஆண்டுகளாக வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். காலையில் எழுந்தவுடன் இரண்டு முழங்கால்களும் பிடித்துக்கொள்கின்றன. பத்து நிமிடம் நடமாடிய பிறகுதான் சரியாகின்றன. மிஷினில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அதே நிலைதான். மாலையில் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிவிடுகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு தேய்மானம் என்றார்கள். நடந்தால் இன்னும் தேயும் என்கிறார் என் நாத்தனார். மருத்துவரோ நடக்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் தரும் மாத்திரையைப் போட்டால்தான் அன்றைய வேலை ஓடுகிறது. நான் நடக்கலாமா? தையலை விட்டுவிட வேண்டுமா?
– ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். உங்கள் நாத்தனாரின் அச்சம் அக்கறையில் பிறந்தது என்றாலும், அதற்கு இடம் கொடுத்தது தேய்மானம் என்ற சொல்தான். செருப்பும் டயரும் தேய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மிச்சமாகும் என்று தோன்றிவிடுகிறது. இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வருபவர்களில் பலர் இந்த ஒரு சொல்லைக் கேட்ட நாளிலிருந்தே நடையைக் குறைத்துவிட்டு, அதன் பிறகு கூடிய வலியோடுதான் எங்களிடம் வருகிறார்கள்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிந்தாற்போல் அழுந்தி, எடுக்கும்போது விரிந்து திரவத்தை உறிஞ்சுவதால், அசைவு இல்லாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும். 'மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது' என்று ஊரில் சொல்வதும் சரியன்று. தேய்மானம் உள்ள முழங்காலில் பல நேரம் திரவம் அதிகமாகச் சுரந்து வீக்கமே காண்கிறது. மடக்கும்போது கேட்கும் கடகட ஓசையும், கூடவே வலியோ வீக்கமோ இல்லாத வரை, பொருட்படுத்தத் தக்கதன்று.

நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் அந்தப் பத்து நிமிடம்தான். ஓய்வுக்குப் பிறகு வரும் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள் விலகினால் அது பெரும்பாலும் வயதோடும் உழைப்போடும் வரும் மூட்டுத் தேய்மானம். அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் அந்த நோய்க்கு முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்குவது மிக முக்கியம் என்பதால், மூட்டுவாத மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் மாதக்கணக்கில் காலைப் பிடிப்பு நீடிப்பதுண்டு. 2006ஆம் ஆண்டு அந்தக் காய்ச்சல் தமிழகத்தில் பரவியபோது படுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் போகும்போது 'வலிக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், பிடிப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்று ஒரு வாரக் கணக்கைச் சொல்லுங்கள். எக்ஸ்ரே காட்டாத வேறுபாட்டை அது காட்டும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு வலியின்றி நடப்பவர்களும் உண்டு, ஓரளவே மாறிய படத்தோடு தவிப்பவர்களும் உண்டு.

எவ்வளவு நடப்பது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. நடக்கும்போது சற்று வலித்தால் பாதகமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வலி இரண்டு மணி நேரம் கடந்தும் அடங்காவிட்டாலோ, மறுநாள் காலைப் பிடிப்பு வழக்கத்தைவிட நீண்டாலோ, முந்தைய நாளின் அளவு உங்களுக்கு அதிகம் என்று பொருள். அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் நடப்பதைவிடக் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடமாகச் சமதரையில் தொடங்குவது நல்லது. சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கும் சுமை இறங்குகிறது. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்குங்கள். இரண்டு கால்களும் வலித்தால் கூடுதலாக வலிப்பதை வலிக்கும் காலாகக் கொள்ளுங்கள். கைத்தடி தேவைப்பட்டால் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றியே செய்கிறார்கள்.

நடையோடு தொடைத் தசையையும் வலுவாக்க வேண்டும், ஏனெனில் முழங்காலில் விழும் அதிர்வைத் தாங்கிக்கொள்வது அந்தத் தசைதான். படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும் வரை கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. எழுந்திருப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் காலைப் பிடிப்பும் தளர்ந்துவிடும். பிறகு நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். இவை பழகியதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காரும் பயிற்சிக்கு வரலாம். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்த பிறகே பலன் தெரியும் என்பதால், பத்தாம் நாள் மனம் தளர வேண்டாம். உடல் எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது.

மாத்திரை எழுதித் தருவது என் பணியன்று. ஆனாலும் நீங்கள் கடையில் வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்' மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணியோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதுண்டு; வலி மாயமாக மறைவதற்குப் பல நேரம் அதுவே காரணம். வலி நிவாரணியை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றி எலும்பையும் பலவீனமாக்கும். நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், மீதமுள்ள மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று, அவர் சொல்லும் முறையில் விடுங்கள். முழங்கால் போன்று தோலுக்கு அருகிலுள்ள மூட்டுக்கு, மேலே தடவும் வலி நிவாரணி ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். அதில் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

வெறும் பிடிப்புக்கு வறுத்த உப்பு மூட்டை ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ 15 நிமிடம் போதும். மூட்டு வீங்கிச் சுடுகிறது என்றால் குளிர் ஒத்தடமே பொருந்தும். அந்த நிலையில் தைலம் தேய்த்து நீவிவிடுவதும் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள் வெந்நீர் ஒத்தடத்தைத் தவிர்க்க வேண்டும், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். முடக்கத்தான் தோசை உண்டா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல கீரைதான், மருந்துக்கு மாற்றாக மட்டும் கொள்ள வேண்டாம்.

கழுத்து, தோள்பட்டை இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஊசியின் மேல் குனிந்தே இருப்பதுதான். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று, தோள்களைப் பின்னோக்கி உருட்டி, பத்து அடி நடந்துவிட்டு உட்காருங்கள். முழங்காலுக்கும் அதுவே மருந்து. இதன் பிறகும் உடல் முழுதும் தசை வலியும் சோர்வும் தொடர்ந்தால் தைராய்டு, வைட்டமின் டி பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். கொழுப்புக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தாலோ, ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தையலை நீங்கள் விட வேண்டியதில்லை. உட்காரும் பலகையைச் சற்று உயர்த்தி, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்குமாறு அமையுங்கள். மிஷினை மிதிப்பதைவிட முழங்காலை வதைப்பது வேறொன்று என்பது என் அனுபவம். தையல்காரர்கள் பலர் துணியைத் தரையில் விரித்து, குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் வெட்டுகிறார்கள். முழங்கால் முழுதாக மடங்கியிருக்கும் அந்த நிலையில்தான் முன்பக்கம் உள்ள சில்லு எலும்புக்கு அடியில் அழுத்தம் மிகவும் கூடுகிறது. நீங்களும் அப்படித்தான் வெட்டுகிறீர்கள் என்றால், முதல் வேலையாக வெட்டும் இடத்தை மேசைக்கு மாற்றுங்கள், இடமில்லையென்றால் உயரமான கட்டிலாவது போதும். அரிவாள்மனையில் காய் நறுக்குவதற்கும் தரைக் கழிப்பறைக்கும் இதே கணக்குதான். கழிப்பறைக்கு மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. பயிற்சிகளை நேரில் ஒருவர் பார்த்துத் திருத்துவது நல்லது. அதற்கு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நடமாட இயலாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.