மண் நலம்: பாக்டீரியா உலோகத்தைத் தின்னுமா?

கேள்வி (சேலம் கருப்பூர்ப் பக்கத்து வாசகர்): வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தை ஒட்டி ஒரு ஏக்கர் நிலக்கடலை போடுகிறேன். இருபது நாளில் கொழுந்து இலை வெளுக்கிறது. காயெல்லாம் பொக்கு. பாக்டீரியா விட்டால் மண்ணில் உள்ள உலோகத்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அது எதையும் தின்னாது. வெள்ளைக்கல் ஓடுவது டூனைட் பாறையில். அந்தப் பாறை கரைந்த மண்ணில் மெக்னீசியமும் நிக்கலும் குரோமியமும் மிகுதி, கால்சியம் குறைவு. கொழுந்து வெளுப்பது நிக்கல் மிகுந்து இரும்பைத் தடுப்பதால் இருக்கலாம்; பொக்குக் காய் பெரும்பாலும் கால்சியக் குறை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாக, மெல்லிய சல்லிவேர் இருந்தால் கவலையில்லை. பழுப்பாகி, கட்டையாக, நுனி தடித்து நின்றால் மண்ணைச் சந்தேகியுங்கள்.

சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியா வேரைச் சுற்றிப் பசை விட்டு உலோகத்தில் ஒரு பகுதியை அங்கேயே பிடித்து வைக்கும். இரும்பைக் கவ்வும் பொருளைச் சுரக்கும். நெருக்கடியில் செடி உண்டாக்கும், வேர் வளர்ச்சியைத் தடுக்கும் எத்திலீன் வாயுவைக் குறைக்கும்; அதனால் வேர் நிற்காமல் ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை. நிக்கல் நிலத்திலேயே இருக்கும்.

முதலில் மண் பரிசோதனை. பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, மரக்குச்சியால் சுரண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து அரைக்கிலோ எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளி கூடாது. வழக்கமான பரிசோதனையில் நிக்கலும் குரோமியமும் வராது. அவற்றைக் கேட்டு எழுதுங்கள். எங்கே கொடுப்பது என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

அடுத்து ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம். நகரக் குப்பை உரம் வேண்டாம், அதிலேயே ஈயம் வரலாம். கால்சியத்துக்கு ஜிப்சம் 160 கிலோ: பாதி அடியில், பாதி 40-ஆம் நாள் மண் அணைக்கும்போது. இது இல்லாமல் பாக்டீரியா மட்டும் விடுவது வீண்செலவு.

அதன்பிறகு சூடோமோனாஸ் 1 கிலோ, ஈரமான மக்கிய எரு 20 கிலோவோடு கலந்து, மாலையில், ஈரம் உள்ள மண்ணில் தூவுங்கள். விதைப் பருப்புக்குக் கிலோவுக்கு 10 கிராம். தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி நிழலில் ஆற்றி அன்றே விதையுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். யூரியாவோடு கலந்தால் செத்துப்போகும். மண்ணில் உள்ள பாஸ்பரத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவைப் பரிசோதனை முடிவு வரும்வரை தள்ளி வையுங்கள். பாஸ்பரத்தைக் கரைக்கும் அமிலம் நிக்கலையும் கரைக்கும். 5 சென்ட் மட்டும் பாக்டீரியா விடாமல் வையுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (திருமணிமுத்தாற்றுப் பாசன வாசகர்): சாயத் தண்ணீர் கலந்த பாசனத்தில் கீரை வளர்க்கிறேன். பாக்டீரியா விட்டால் கீரை செழிக்குமா?

பதில்: செழிக்கும். பயமே அதுதான். வாடும் கீரை மண் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும். செழித்த கீரை காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சுமந்துகொண்டு பச்சைப்பசேலென்று சந்தைக்குப் போகும், வாங்குபவர் பிள்ளைக்குக் கடைந்து ஊட்டுவார். சாய, முலாம் கழிவில் வரும் நஞ்சு மிகுந்த குரோமியம்-6 வகையைச் சில பாக்டீரியா நஞ்சு குறைந்த குரோமியம்-3 வகையாக மாற்றும் என்பது உண்மை. காட்மியத்துக்கு அந்த வழி கிடையாது. இலையிலும் கிழங்கிலும் உலோகம் அதிகம் ஏறும். ஆகவே தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கும்வரை கீரை, முள்ளங்கி வேண்டாம். பனமரத்துப்பட்டிப் பக்கம் போடும் அரளியோ, சாமந்தியோ போடுங்கள். பாக்டீரியாவை அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். வெட்டிய தழையை மாட்டுக்குப் போடாதீர்கள்.

கேள்வி (ஏற்காடு வாசகர்): காப்பிக்கு வருடாவருடம் போர்டோ கலவை, மிளகுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு. இப்போது சூடோமோனாஸ் விட்டால் பலனே இல்லை.

பதில்: நீங்கள் தெளிக்கும் இரண்டும் தாமிர மருந்து. தாமிரம் பூஞ்சையோடு பாக்டீரியாவையும் கொல்லும். ஆண்டுக்கணக்கில் தெளித்த தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கும். மலைமண் புளிப்பாக இருந்தால் நஞ்சாகவும் மாறும். கார அமிலநிலை (pH) 5.5-க்குக் கீழ் இருந்தால் பரிசோதனைப்படி விவசாயச் சுண்ணாம்பு போட்டு 6 பக்கம் கொண்டுவாருங்கள். உதிர்ந்த இலைச் சருகை வாரி எரிக்க வேண்டாம். அது மக்கினால் தாமிரத்தைப் பிடித்துவைக்கும். மிளகுக்கொடியின் தூரில் காப்பர் ஊற்றிய பிறகு குறைந்தது 15 நாள் கழித்து, மழை ஈரத்தில், எருவோடு கலந்த சூடோமோனாஸைத் தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகப் போட்டுச் சருகால் மூடுங்கள்.