டேட்டா ஷீட்டில் சக்‌ஷன் அழுத்தம் ஒரே எண்ணாக இருந்தால் போதுமா?

கேள்வி: நாளொன்றுக்கு 50 லட்சம் ஸ்டாண்டர்டு கன மீட்டர் இயற்கை எரிவாயுவை 70 பாருக்கு ஏற்றும் பைப்லைன் கம்ப்ரஸருக்கு டேட்டா ஷீட் தயாரிக்கிறேன். சக்‌ஷன் (வாயு நுழையும் பக்கம்) 50 பார், 30 டிகிரி என்று எழுதினேன். குறைந்தபட்ச அழுத்தம், அதிகபட்ச வெப்பநிலை எல்லாம் கேட்கிறார் வெண்டர். அவ்வளவு தேவையா?

பதில்: தேவைதான். அந்த 50 லட்சம் வாயு சக்‌ஷன் ஃபிளேஞ்சுக்கு (மெஷினின் வாயிலுள்ள குழாய் இணைப்பு) வரும்போது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் மெஷினின் அளவு முடிவாகும். 50 பார் அப்சல்யூட் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தது), 30 டிகிரி, இசட் மதிப்பு (இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) 0.9 என்றால் மணிக்குச் சுமார் 4,000 கன மீட்டர். அழுத்தம் 45 பாருக்கு இறங்கினால் 4,400-ஐத் தாண்டும்.

அதைவிடக் கையைக் கடிப்பது பவர். அழுத்த விகிதம் 1.4-லிருந்து 1.56 ஆகிவிடுகிறது. கே மதிப்பை (வாயுவின் வெப்பக் கொள்ளளவு விகிதம்) 1.3 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: அதே வாயுவுக்குப் பவர் மூன்றில் ஒரு பங்கு கூடும். அழுத்தம் குறைந்தது என்னவோ பத்து சதவீதம்தான்! சென்ட்ரிஃபியூகல் (சுழலும் வகை) என்றால் சர்ஜ் பக்கம், அதாவது வாயு பின்னோக்கிப் பாயும் நிலையை நோக்கி, நகரும். ரெசிப்ரொகேட்டிங் (பிஸ்டன் வகை) என்றால் ராடு லோடு, அதாவது பிஸ்டன் தண்டின் மீதான விசை, ஏறும், தள்ளும் வாயுவும் குறையும்.

வெப்பநிலை இவ்வளவு படுத்தாது. 15 டிகிரி ஏறினால் கனஅளவும் பவரும் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். மே மாத வெயிலைப் பார்த்து 45 என்று எழுதிவிடாதீர்கள். புதைத்த குழாயில் நூறு கிலோமீட்டர் வந்த வாயு கிட்டத்தட்ட மண்ணின் சூட்டில்தான் இருக்கும். வெயில் அடிப்பது கம்ப்ரஸரை ஓட்டும் கேஸ் டர்பைனை: 15 டிகிரியில் சொல்லப்பட்ட பவர் 45 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம்.

எந்த இடத்து அழுத்தம் என்பதையும் பாருங்கள். நான் பார்த்த ஒரு ஸ்டேஷனில் லைன் கேஜ் காட்டியதை அப்படியே எழுதியிருந்தார்கள். இடையில் ஸ்க்ரப்பர் (திரவத் துளிகளைப் பிரிக்கும் கலம்), ஃபில்டர், கூம்பு ஸ்ட்ரெய்னர் (கசடைத் தடுக்கும் வலை). கமிஷனிங்கில் வெல்டிங் கசடும் துருவும் வலையை அடைக்க, ஃபிளேஞ்சில் ஒன்றரை பார் குறைவு. 50 பாரில் சமாளித்துவிடலாம். 5 பாரில் வாங்கும் மெஷினாக இருந்தால் கனஅளவே 40 சதவீதத்துக்கு மேல் ஊதியிருக்கும். கேஜா (காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும்), அப்சல்யூட்டா என்ற குழப்பமும் அங்கேதான் ஆளைக் கவிழ்க்கும்.

அதற்காக மோசமான எண்களையெல்லாம் ஒரே வரியில் கோர்க்கவும் வேண்டாம். மிகக் குறைந்த அழுத்தமும் மிக அதிகச் சூடும் ஒரே நாளில் வருமா என்று பழைய லாக் புத்தகத்தைப் புரட்டுங்கள். தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்கினால் வருடம் முழுக்க ரீசைக்கிள் வால்வை (வெளியேறும் வாயுவைத் திரும்ப உள்ளே விடுவது) திறந்துவைத்தே ஓட்ட நேரும். வழக்கமான நிலை, குறைந்த சக்‌ஷன், அதிக சக்‌ஷன் என மூன்று வரிகள் கொடுங்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்; அழுத்த விகிதம் பெரிதாக உள்ள ரெசிப்ரொகேட்டிங்கில் சக்‌ஷன் ஏறும்போது உள்ளே வரும் வாயுவும் கூடி, மோட்டாரே ஓவர்லோடு ஆவதுண்டு.