ஐஸ்லாந்துக்கு ஐந்து நாள்: காசு எங்கே கரைகிறது?

ஐஸ்லாந்து போகிறோம், போய் வந்தோம், போகாமலே ஏமாந்தோம் என்று மூன்று வகையிலும் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யார் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார் என்பது போன்ற குடும்பச் சமாச்சாரங்கள் போய்விட்டன, மன்னிக்கவும்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் போகிறோம். நாட்டைச் சுற்றி வரும் ரிங் ரோடு முழுவதையும் காரில் முடித்துவிடலாம் என்கிறார் டிராவல்ஸ்காரர். முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: முடியாது. அந்தச் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் எழுவதே பதினொன்றரை மணி வாக்கில், மூன்றரைக்கு அடைந்துவிடும். இருட்டில், பனி உறைந்த சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காரவா இத்தனை லட்சம்? திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் சேர்த்த கோல்டன் சர்க்கிளுக்கு ஒரு நாள் வையுங்கள். தெற்குக் கரையில் வீக் ஊர் வரை போய் ஒரு இரவு தங்குங்கள். மிச்ச நாள் தலைநகரில். டிராவல்ஸ்காரர் அங்கே ஒருமுறையாவது வண்டி ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'வடதுருவ ஒளி உறுதி' என்ற விளம்பரத்தை நம்பி, பிள்ளைகளின் விடுமுறையில் போகலாமென்று ஜூன் மாதத்துக்கு நான்கு பேருக்கு முன்பணம் கட்டினோம். ஜூனில் அது தெரியவே தெரியாதாமே! கேட்டால் 'முன்பணம் திரும்பாது, ரசீதிலேயே போட்டிருக்கிறது' என்கிறார்கள்.
– கோவை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஜூனில் அங்கே இருட்டே கிடையாது. நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். வானில் அந்த வண்ண ஒளி ஆடினாலும் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரைதான் அதற்கான காலம். அப்போதும் மேகம் மூடினால் போச்சு. யாரும் உறுதி கொடுக்க முடியாத ஒன்று அது. அங்குள்ள ஒழுங்கான டூர்காரர்கள், ஒளி தெரியாவிட்டால் இன்னொரு இரவு காசில்லாமல் அழைத்துப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். ஜூனில் 'உறுதி' என்று விற்றவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

'திரும்பாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் பொய் விளம்பரம் மெய்யாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரமும் வரும், நியாயமற்ற ஒப்பந்தமும் வரும். விளம்பரத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் விட்டுவிடாதீர்கள். பணம் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அந்த நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் சரி. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அதுவரை ஆறப் போடாதீர்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: விசா கட்டாயம் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. ஐஸ்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, கூடவே விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். விசா கொடுப்பது தூதரகம், தரகர் அல்ல. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதைச் சரியாக எடுத்தீர்களா என்று பாருங்கள், தரகரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக் காருக்கு நாலைந்து விதமான இன்சூரன்ஸ் சொல்கிறார்கள். எல்லாமே இங்கிலீஷ் எழுத்துகளாக இருக்கிறது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று ஒன்றை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: இந்த 'ஃபுல்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சி.டி.டபிள்யூ. என்பது மோதல் சேதத்துக்கான அடிப்படைக் காப்பீடு, வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ஆனால் சேதம் வந்தால் முதலில் சில லட்சம் குரோனா (அந்த நாட்டு நாணயம்) வரை உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். அந்தத் தொகையைக் குறைப்பதற்கு எஸ்.சி.டி.டபிள்யூ. இது எந்த நாட்டிலும் உள்ளதுதான். ஐஸ்லாந்தின் தனிச் சிறப்பு இதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது.

தார் முடிந்து ஜல்லிச் சாலை தொடங்கும் இடத்தில் எதிரே வரும் வண்டி ஒரு கல்லைத் தெறிக்க விட்டால் முன்கண்ணாடியில் கீறல் விழும். அதற்கு ஜல்லிக் காப்பீடு தனி. தெற்குக் கரையில் எரிமலைக் கருமணல் பரந்து கிடக்கிறது. பலத்த காற்றில் அது கிளம்பி வண்டியின் பெயின்ட்டையே தேய்த்து எடுத்துவிடும். முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்த பில் உங்களுக்கு வரும். அதற்கு மணல், சாம்பல் காப்பீடு தனி. இவ்வளவும் வாங்கிவிட்டு நிம்மதியாகக் கதவைத் திறக்கிறீர்கள். காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடுகிறது. இதைப் பெரும்பாலான 'ஃபுல்' திட்டங்கள் ஏற்பதில்லை! ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தாலும், வண்டியின் அடிப்பாகம் அடிபட்டாலும் அநேகமாக இதே கதைதான். எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்று போட்ட மலைச் சாலைகளில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி சட்டப்படி கட்டாயம். சாதாரண காரை அங்கே விட்டால் எல்லாக் காப்பீடும் ஒரே நொடியில் செல்லாததாகிவிடும். சேதம் எதனால் வரும் என்று அந்த நாட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றையும் கழற்றித் தனித்தனியாக விற்கிறார்கள். கழற்ற முடியாததை நம் தலையில் கட்டுகிறார்கள். 'முழுமை' என்று பெயர் வைத்துவிட்டு விலக்குகளைச் சின்ன எழுத்தில் போடுவதை எந்த ஊரில் செய்தாலும் நான் திட்டுவேன்.

நானும் ஒரு தடவை முன்பதிவுத் தளம் ஒன்றில், மலிவாக இருக்கிறதே என்று 'ஃபுல்' வாங்கினேன். கார் கவுன்டரில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களிடம் வாங்கு, இல்லையென்றால் உன் கார்டில் டெபாசிட்டை முடக்குவோம் என்றார்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்கும் காப்பீடு அப்படித்தான். சேதத்துக்கு முதலில் நீங்கள் கட்டி, அப்புறம் பேப்பர் பேப்பராக அனுப்பிக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஜல்லிக் காப்பீடு எடுங்கள். தெற்குக் கரை போவதென்றால் மணல் காப்பீட்டையும் எடுங்கள். காற்றுக்கு எதிர்முகமாக வண்டியை நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள், பின்சீட்டுக் குழந்தையிடம் கதவை விடாதீர்கள். சாவி வாங்கியதும் சக்கரம், கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம் உட்பட வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடுங்கள். அப்புறம், சிங்கப்பூரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் நீங்கள். ஐஸ்லாந்தில் 1968-லேயே வலப்பக்கத்துக்கு மாறிவிட்டார்கள்.

கேள்வி: குடை எடுத்துப் போகலாமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: காற்றுக்குக் கொடுப்பதாக இருந்தால் எடுத்துப் போங்கள். காசை மழைக்கோட்டில் போடுங்கள், தையல் உள்பக்கம் டேப் ஒட்டியதா என்று பார்த்து வாங்குங்கள். 'வாட்டர் ப்ரூஃப்' லேபிளை மட்டும் நம்பி நான் வாங்கிய ஒன்று இப்போது ஸ்கூட்டர் துடைக்கப் பயன்படுகிறது.

கேள்வி: அருவிக்குப் பக்கத்தில் கார் நிறுத்தினோம். கேட்டும் இல்லை, ஆளும் இல்லை, இலவசம் என்று நினைத்தோம். ஊர் திரும்பிய பிறகு பார்க்கிங் கட்டணம், அபராதம், அவர்கள் சேவைக் கட்டணம் என்று கார் கம்பெனி கார்டில் எடுத்துவிட்டது. இது மோசடிதானே?
– பெங்களூரு வாசகர்

பதில்: இல்லை. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்கிறது. கட்டணப் பலகை அங்கேயே இருக்கும். செயலியிலோ இயந்திரத்திலோ கட்டியிருக்க வேண்டும். இயற்கைக் காட்சிகள் பெரும்பாலும் இலவசம், வண்டி நிறுத்துவதற்குத்தான் காசு. பலகைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்த படத்தையும் நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன சொல்ல? சேவைக் கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்த தொகைதானா என்று மட்டும் சரிபாருங்கள்.

கேள்வி: தண்ணீர் பாட்டில் விலை பயமுறுத்துகிறது. கேன் எங்கே கிடைக்கும்?
– சேலம் வாசகர்

பதில்: குழாயில். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும், அதனால் குளிர்ந்த தண்ணீர்க் குழாய்.

கேள்வி: சாப்பாட்டுச் செலவைக் குறைப்பது எப்படி? நாங்கள் சைவம்.
– ஈரோடு வாசகி

பதில்: சமையலறை உள்ள அறையாக எடுங்கள். போனஸ், குரோனன் சூப்பர் மார்க்கெட்டுகளில் காய், ரொட்டி, அவர்கள் ஊர்த் தயிர் போன்ற ஸ்கிர் எல்லாம் கிடைக்கும். அரிசியும் பொடி வகைகளும் கொண்டு போகலாம். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டு போக அனுமதி இல்லை. தெருவோர ஹாட் டாக்கில் ஆட்டுக்கறி இருக்கும்.

கேள்வி: லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ரெய்க்யவிக்குக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கி முப்பதாயிரம் மிச்சம் பிடித்தேன். ஷெங்கன் விசா இருக்கிறது. லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி போட பிரிட்டன் விசா வேண்டும் என்கிறார்களே?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது, ஐயா. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் மேல் எந்தப் பொறுப்பும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் வரிப் பகுதியையாவது கேட்டு வாங்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட், கோபன்ஹேகன், ஹெல்சிங்கி வழியாக ஒரே டிக்கெட்டில் போனால் கையிலிருக்கும் விசாவே போதும்.

கேள்வி: புளூ லகூன் வெந்நீர்க் குளத்துக்கு டிக்கெட் மிக விலை. எரிமலை வெடித்தால் மூடிவிடுவார்களாமே? டொரோன்டோவிலிருந்து ஐரோப்பா போகும் வழியில் இரண்டு நாள்தான் இருப்போம்.
– டொரோன்டோ வாசகி

பதில்: 2023 நவம்பரில் பக்கத்து ஊரான கிரின்டவீக்கைக் காலி செய்தார்கள். டிசம்பரிலிருந்து அந்தப் பகுதியில் பலமுறை எரிமலை வெடித்து, குளமும் மூடித் திறந்தபடி இருந்தது. ரத்து விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, அது இயற்கைக் குளம் அல்ல. ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய நீரில் உண்டானது. ஊர் மக்கள் போவது நகராட்சி நீச்சல் குளங்களுக்கு. அதே சுகமான வெந்நீர், கட்டணம் அதில் ஒரு சின்னப் பங்கு. எங்கே போனாலும் உள்ளே இறங்கும் முன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், கூச்சத்துக்கு விலக்கு கிடையாது. உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஐஸ்லாந்துஏர் விமானத்தில் அட்லான்டிக்கைக் கடப்பவர்கள் கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் ஏழு இரவு வரை இடையில் தங்கலாம். இரண்டு நாளோடு ஏன் நிறுத்துகிறீர்கள்?

கேள்வி: ரெய்க்யவிக்கில் பெரிய விலை கொடுத்து 'ஐஸ்லாந்து கம்பளி ஸ்வெட்டர்' வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிளில் சீனா!
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: ஐஸ்லாந்து ஆட்டின் கம்பளியையே வெளிநாட்டுக்கு அனுப்பி, பின்னி வரவழைத்து விற்கிறார்கள். லேபிளில் உண்மையைப் போட்டிருந்தால் சட்டப்படி அதிகம் பேச முடியாது. கடைக்காரர் 'இங்கே கையால் பின்னியது' என்று வாயால் சொல்லி விற்றிருந்தால் அது ஏமாற்று. ரசீதோடு கடைக்கு எழுதுங்கள், கார்டு வங்கிக்கும் புகார் கொடுங்கள். இனி போகிறவர்களுக்கு: லோபாபெய்சா என்ற அந்த ஸ்வெட்டருக்கு 2020-லிருந்து நம் புவிசார் குறியீடு போல ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அங்கேயே கையால் பின்னியதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். கைப்பின்னல்காரர்களின் சங்கம் ரெய்க்யவிக்கில் சொந்தக் கடை நடத்துகிறது. அங்கே விலை கூடுதல்தான், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய துணிக் கடைகளிலும் சில சமயம் அசல் கிடைக்கும்.

கேள்வி: கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, குரோனாவிலா' என்று கேட்கிறதே?
– புதுச்சேரி வாசகர்

பதில்: குரோனா. எப்போதும் குரோனா. ரூபாய் என்று தொட்டால் மாற்று விகிதத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஆளில்லா பெட்ரோல் பங்கில் கார்டின் பின் எண் கேட்கலாம், நினைவில் வையுங்கள்.

கேள்வி: மலிவு விமானத்தில் மூன்று பேருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். கம்பெனியே மூடிவிட்டது. பணம் அவ்வளவுதானா?
– லண்டன் வாசகி

பதில்: வருத்தமாக இருக்கிறது. அங்கே இது புதிதல்ல. 2019 மார்ச்சில் வாவ் ஏர், 2025 செப்டம்பரில் பிளே, இரண்டும் திடீரென்று நின்றுபோய் பயணிகளை நடுவழியில் விட்டன. நீங்கள் பிரிட்டனில் இருப்பது நல்லதாகப் போயிற்று. விமானக் கம்பெனியிடம் நேரடியாக, கிரெடிட் கார்டில் வாங்கியிருந்து, ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் சமப் பொறுப்பாளி. டெபிட் கார்டு என்றால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேளுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் இந்த வாரமே எழுதுங்கள். 'நாங்கள் பொறுப்பில்லை' என்று வங்கியின் முதல் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் முறையிடுங்கள், அப்புறம் நிதித்துறை ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.